காவல் செலவு எந்தக் கணக்கில்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தபோது, அறக்கட்டளையின் விதிகள் அடங்கிய ஒரு தாளையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். முதல் தொகையைத் தொடக் கூடாது. வட்டியிலிருந்து ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடத்த வேண்டும். மிச்சமிருந்தால் அதையும் முதலோடு சேர்த்துவிட வேண்டும். மூன்றே விதிகள். அரசு நிதியியலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் கற்பித்தவள் நான். ஆண்டு தவறாமல் நடக்க வேண்டிய ஒரு காரியத்துக்கு எப்படிப் பணம் எடுத்துவைப்பது என்ற கேள்விக்கு, இந்த ஒரு பக்கத் தாளில் இருக்கும் தெளிவான விடையை நம் மாநில நிதிநிலை அறிக்கையின் எந்தத் தொகுதியிலும் நான் பார்த்ததில்லை.

இந்த விடை நமக்குப் புதிதும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடர் தெரிந்திருக்கும். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 ஆடு, அல்லது 96 ஆடு கொடுப்பார்கள். இடையர் ஒருவர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், மூப்படையும். குட்டிகள் அந்த எண்ணிக்கையை நிரப்பும். மந்தை என்ற முதல் குறையாது, நெய் என்ற வரவும் நிற்காது. ஏரியைப் பராமரிக்க ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கியதும் இதே கணக்குதான். 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்துக்கு 6 பேரை ஆண்டுதோறும் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்தக் காலத்தைப் பொற்காலமென்று புகழ்வது என் நோக்கமன்று. குடவோலையில் யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதக் கூடாது என்பதும் அதே கல்லில்தான் வெட்டியிருக்கிறது. நான் எடுத்துக்கொள்வது ஒரு நிதி நுட்பத்தை மட்டும். விளக்கு தினமும் எரிய வேண்டும் என்றால் தினமும் நெய் வேண்டும் என்பதை அவர்கள் கணக்கில் கொண்டுவந்தார்கள்.

இன்று நான் சொல்ல வந்த கருத்து இதுதான். காட்டையும் சதுப்பு நிலத்தையும் ஆற்றையும் காப்பது தினமும் நெய் கேட்கும் வேலை. நம் நிதிநிலை முறையோ விளக்குத் தூண் வாங்குவதற்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று ஆண்டுதோறும் விவாதிக்கிறோம். எந்தத் தலைப்பில், எந்த மாதத்தில், எத்தனை ஆண்டுக்கு என்று கேட்பதில்லை.

1

முதலில் புத்தகத்தைத் திறப்போம். அரசமைப்புச் சட்டத்தின் 202ஆம் பிரிவு ஆண்டு நிதிநிலை அறிக்கையைப் பற்றியது. 203ஆம் பிரிவு மானியக் கோரிக்கைகளைப் பற்றியது. தமிழ்நாட்டில் வனத்துக்குக் கோரிக்கை எண் 54, சுற்றுச்சூழலுக்கு எண் 15. 2021இல் துறையின் பெயர் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை என்று மாறியது. துறை ஒன்று, கோரிக்கைகள் இரண்டாகவே நிற்கின்றன.

கோரிக்கைக்குள் போனால் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கங்கள் முதன்மைத் தலைப்பு. 2406 என்றால் வனமும் வனவிலங்கும், வருவாய்ச் செலவு. 4406 என்றாலும் வனமும் வனவிலங்கும்தான், ஆனால் மூலதனச் செலவு. 2, 3 என்று தொடங்குபவை வருவாய். 4, 5 என்று தொடங்குபவை மூலதனம். இந்தியா முழுவதற்கும் ஒரே முறை. மாணவர்கள் இந்த முதல் இலக்கத்தை மட்டும் கவனித்துப் படித்தாலே பாதி அரசியல் புரிந்துவிடும்.

மூலதனச் செலவு என்பது நிலைத்த சொத்தை உண்டாக்கும் செலவு. தடுப்பணை, சரக அலுவலகக் கட்டடம், கண்காணிப்புக் கோபுரம், பார்வையாளர் மையம் எல்லாம் அதில் சேரும். காவலரின் கூலி, தீத்தடுப்புக் கோடு வெட்டும் செலவு, ஜீப்புக்கு டீசல், எல்லைக் கல்லைச் சரிபார்க்கும் நில அளவைச் செலவு, நீர் மாதிரி எடுத்துச் சோதிக்கும் செலவு ஆகியவை வருவாய்ச் செலவு. அந்த ஆண்டோடு தீர்ந்துபோன செலவு என்று பொருள்.

இதில் மறைந்திருக்கும் கருத்தைப் பாருங்கள். நீலகிரியிலோ ஆனைமலையிலோ பல நூற்றாண்டுகளாக நிற்கும் ஒரு சோலைக்காடு நம் அரசுக் கணக்கில் எந்த மதிப்பிலும் இல்லை. அதன் விளிம்பில் கட்டிய கோபுரத்துக்கான செலவு மூலதனக் கணக்கில் ஏறி நிற்கிறது. கோபுரத்தில் ஏறி நின்று புகை தெரிகிறதா என்று பார்ப்பவரின் கூலி மார்ச் 31ஆம் தேதியோடு கரைந்துவிடுகிறது. எந்த அமைச்சரும் எந்தச் செயலாளரும் இப்படித் தீர்மானிக்கவில்லை. கணக்கு முறை எழுதப்பட்டபோது, ஏற்கெனவே இருப்பதைக் கெடாமல் வைத்திருப்பதும் சொத்துச் சேர்ப்புதான் என்ற எண்ணம் அதில் இடம்பெறவில்லை.

2

இதன் விளைவை 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் கூர்மையாக்கியது. வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிக்க வேண்டும், நிதிப் பற்றாக்குறை மாநில உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பவை அதன் மைய இலக்குகள். இந்தச் சட்டத்தை நான் எதிர்ப்பவளில்லை. கடன் வாங்கிச் சம்பளம் கொடுக்கும் அரசு வருங்காலத் தலைமுறையிடமிருந்து எடுத்துச் சாப்பிடுகிறது என்பதை வகுப்பில் வலியுறுத்திச் சொன்னவள். இன்றும் அதையே சொல்வேன்.

ஆனால் வருவாய்ச் செலவைக் குறை என்று நிதித்துறை சொல்லும்போது கத்தி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். 2025-26 மதிப்பீட்டில் தமிழகத்தின் வருவாய்ப் பற்றாக்குறை ரூ.41,600 கோடிக்கு மேல். நிரந்தர ஊழியரின் சம்பளத்தைக் குறைக்க முடியாது. ஓய்வூதியத்தைக் குறைக்க முடியாது. வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியாக வேண்டும். மானியங்களைத் தொடும் துணிவு எந்தக் கட்சிக்கும் எளிதில் வராது. மிஞ்சுவது என்ன? தற்காலிகப் பணியாளர் கூலி, பராமரிப்பு, எரிபொருள், பயணப்படி. காட்டைக் காப்பது முழுவதும் இந்த நான்கில்தான் அடங்கியிருக்கிறது. வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் பழங்குடியினர். காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்தவர்கள். ஆண்டுக்கணக்காகத் தற்காலிகப் பணியாளர் என்ற பெயரிலேயே வேலை செய்பவர்கள். வெட்டு முதலில் விழும் இடத்தில் அவர்களை நிறுத்தியிருக்கிறோம்.

3

அடுத்தது நாட்காட்டி. இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் புத்தகத்தில் படித்து நான் இதை அறியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக்காக மேற்கு மலையில் ஒரு வனச்சரகத்தில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். மே மாதம். என்னோடு நடந்து வந்த காவலருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மதியம் ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டபோது, மஞ்சள் பைக்குள்ளிருந்து நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். தீப்பருவத்தில் எந்தெந்த நாள் எந்தெந்த இடத்தில் நின்றார் என்று தேதிவாரியாக எழுதியிருந்தார். வலப்பக்கம் கோடு போட்டுக் கூலித் தொகை. பிப்ரவரிக்கு எதிரே தொகை எழுதி, வாங்கிக்கொண்டதற்கு ஒரு டிக். மார்ச்சில் பாதி நாளுக்கு டிக் இருந்தது. ஏப்ரல் முழுக்க, மே முழுக்க நாட்கள் இருந்தன; தொகையின் இடத்தில் 'வரும்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஒவ்வொரு வரியிலும், அழகான கையெழுத்தில், 'வரும்'.

"எப்பம்மா வரும்னு கேக்காதீங்க, ஃபண்டு வந்தா வரும்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த 'வரும்' எங்கிருந்து வருகிறது? நம் மலைகளில் தீப்பருவம் பிப்ரவரியில் தொடங்கி மே வரை நீள்கிறது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதாவது தீப்பருவத்தின் நடுவயிற்றில். செலவாகாத பணத்தை மார்ச்சில் அரசுக்குத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். புதிய ஆண்டின் ஒதுக்கீடு தலைமையகத்திலிருந்து மண்டலத்துக்கும், அங்கிருந்து கோட்டத்துக்கும், கோட்டத்திலிருந்து சரகத்துக்கும் படிப்படியாக இறங்க வேண்டும். பிறகு பில் போட்டுக் கருவூலத்தில் பாஸ் ஆக வேண்டும். புல் காய்ந்து, காற்று திரும்பி, ஒரு பீடித் துண்டு போதும் என்ற நிலையில் மலை இருக்கும் வாரங்களில்தான் சரகரின் கையில் பணம் இருக்காது. குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் 2018இல் தீயில் சிக்கி உயிரிழந்த நாள் மார்ச் 11. அந்தக் கொடுமைக்கு நிதியாண்டைக் காரணமாகச் சொல்ல வரவில்லை. தீ எந்த மாதத்தில் வரும் என்பதை நினைவில் வைத்திருக்கவே சொல்கிறேன்.

அதே சரகத்தில் இன்னொன்றும் பார்த்தேன். உண்ணிச்செடியை அகற்றிய ஒரு சரிவு. வேரோடு பிடுங்கிச் சுத்தமாக எடுத்திருந்தார்கள், பலகையில் பரப்பளவும் தொகையும் இருந்தன. இரண்டு மழைக்குப் பிறகு, மண்ணில் கிடந்த விதைகள் முளைத்து முழங்கால் உயரத்துக்கு மறுபடியும் உண்ணிச்செடி. இது தெரியாமல் நடந்த பிழையன்று. அகற்றிய இடத்துக்கு இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் திரும்பிப் போய் முளைகளைப் பிடுங்க வேண்டும், உள்ளூர்ப் புல்லை விதைக்க வேண்டும் என்பது அங்கிருந்த வனவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவருக்கு வந்த ஒதுக்கீடு 'அகற்றுதல்' என்ற ஒரு சொல்லுக்கு, ஓராண்டுக்கு. அடுத்த ஆண்டு வந்த பணம் வேறொரு சரிவை அகற்றுவதற்கு. செலவுக் கணக்கில் இரண்டு சரிவு முடிந்தது; காட்டில் ஒன்றும் முடியவில்லை.

4

மாநிலம் மட்டும் இப்படி இல்லை. புலிகள் காப்பகங்களுக்கு ஒன்றிய அரசு தரும் உதவியில், ஒருமுறைச் செலவுக்கு 60 விழுக்காட்டை டெல்லி ஏற்கும். ஆண்டுதோறும் தொடரும் செலவுக்கு 50 விழுக்காடு. தமிழகத்தில் களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், திருவில்லிபுத்தூர்-மேகமலை என்று ஐந்து காப்பகங்கள் உண்டு. ஐந்திலும் அன்றாடக் காவலின் சுமை கூடுதலாக மாநிலத்தின் தலையில்தான் விழுகிறது.

நிதிக்குழுக்களும் காட்டுக்கு மதிப்புக் கொடுத்திருக்கின்றன. 14ஆம் நிதிக்குழு வரிப் பகிர்வில் வனப்பரப்புக்கு 7.5 விழுக்காடு எடை தந்தது. 15ஆம் நிதிக்குழு அதை 10 விழுக்காடாக்கியது. நல்ல முடிவு. ஆனால் காட்டின் பெயரால் வரும் அந்தப் பணம் பொதுக் கருவூலத்தில் கலந்துவிடுகிறது. அதைக் காட்டுக்குச் செலவிட வேண்டும் என்ற கட்டு இல்லை. மாநிலத் தன்னாட்சியை மதிப்பவள் என்ற முறையில் அப்படி ஒரு கட்டை டெல்லி போடுவதையும் நான் விரும்பவில்லை. சட்டமன்றமே கேட்கலாம்: காடு ஈட்டித் தந்த பங்கில் காட்டுக்குத் திரும்பியது எவ்வளவு?

காலாவதியாகாத பணம் ஒன்று உண்டு. கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டுவது குறித்து நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கிலிருந்து வளர்ந்தது அது. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுப்பவர்கள் கட்டும் ஈட்டுத் தொகை, 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, 90 விழுக்காடு மாநிலத்தின் பொதுக் கணக்கில் தனி நிதியாக நிற்கிறது. மார்ச் 31இல் கரையாது. 2019 ஆகஸ்டில் ரூ.47,000 கோடிக்கு மேல் மாநிலங்களுக்கு மாற்றப்பட்டபோது, சுரங்கங்கள் நிறைந்த ஒடிசாவுக்கு மட்டும் ரூ.5,900 கோடிக்கு மேல் போனது. அமைப்பு முறையில் இது அறக்கட்டளைக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் இந்த உண்டியல் நிறைவது காடு குறையும்போது. காட்டை இழக்காத மாநிலத்துக்கு அந்த வழி திறப்பதில்லை.

5

சுற்றுச்சூழல் செலவு ஒரே துறையில் இல்லை என்பதை எல்லோரும் சொல்கிறோம். சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 1,247 எக்டேர். நிலத்தின் காவல் வனத்துறையிடம். பக்கத்தில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு மாநகராட்சியிடம். நீர் வந்துசேரும் ஏரிகளும் கால்வாய்களும் நீர்வளத் துறையிடமும் உள்ளாட்சிகளிடமும். ஒரே சொட்டு நீருக்கு நான்கு கணக்குப் புத்தகம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ 1982 முதல் பெரும்பாலும் தொழிற்சாலைகள் கட்டும் இசைவுக் கட்டணத்தில் நடக்கிறது. 1977ஆம் ஆண்டின் நீர் வரிச் சட்டம் அந்த வாரியங்களுக்கு ஓரளவு வருவாய் தந்துவந்தது, 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அதுவும் போயிற்று. யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்கள் கட்டும் பணத்தை நம்பி ஒரு கண்காணிப்பு நிறுவனம் இருக்கலாமா என்பது தனியாக ஒரு சொற்பொழிவுக்கு உரியது.

6

என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்பது நியாயம்.

தனி ஆவணம் போடலாம் என்கிறார்கள். ஒடிசா 2020-21 முதல் காலநிலை நிதிநிலை ஆவணம் வெளியிடுகிறது. பீகார் அதே ஆண்டில் பசுமை நிதிநிலை ஆவணம் தந்தது. தமிழகமும் 2021 ஆகஸ்ட் 14இல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வைத்துக் காட்டியிருக்கிறது. எனக்கு இதில் அரைமனம்தான். இருக்கிற செலவுகளையெல்லாம் பல துறைகளிலிருந்து பொறுக்கி, பச்சைக் குறியிட்டு, கூட்டித் தொகை பெரிதாகத் தெரியும்படி அடுக்குவது எளிது. தனி ஆவணம் வருவதானால் அதில் ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும்: இரண்டாண்டுக்கு முன் ஒதுக்கியதில் உண்மையில் செலவானது எவ்வளவு, எந்த மாதத்தில் செலவானது. மாதம் தெரிந்தால்தான் மார்ச் அவசரம் தெரியும்.

இதைவிட நான் அழுத்திச் சொல்வது வேறு. எந்தப் புதிய திட்டத்துக்கும் நிர்வாக அனுமதி வழங்கும் அரசாணையிலேயே, முதல் ஆண்டுத் தொகையோடு ஐந்தாண்டுப் பராமரிப்புத் தொகையும் எழுதப்பட வேண்டும். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தப் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. இலக்கை மனதார வரவேற்கிறேன். ஒரு கன்று மரமாக மூன்று கோடை தாண்ட வேண்டும். நட்ட ஆண்டின் தொகையை மட்டும் அறிவித்தால் நாம் அறிவிப்பது குழியை. ஜப்பான் கடனுதவியில் 1997இல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் ஊர்தோறும் கிராம வனக்குழுக்கள் உருவாயின. எங்கள் ஊர்ப்பக்கம் திட்டம் முடிந்த பிறகு அந்தக் குழுவின் பெயர்ப்பலகை மட்டும் பல ஆண்டு நின்றது. ஊர்க்காரர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டதென்று அதிகாரிகள் எழுதினார்கள். உண்மையில் குறைந்தது காவலுக்கு வந்துகொண்டிருந்த சிறு தொகை.

மூன்றாவதாக, நிதி இருக்கும் இடம். வனவிலங்குச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டுத் திருத்தம், ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை அமைக்க 38எக்ஸ் பிரிவில் வழி செய்தது. நுழைவுக் கட்டணம் போன்ற வருவாய் அங்கேயே தங்கும், அங்கேயே செலவாகும். இந்த முறையைச் சதுப்பு நிலங்களுக்கும், புலி இல்லாத காடுகளுக்கும் விரித்து, பொதுக் கணக்கில் ஒரு காவல் நிதியை அரசு உண்டாக்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. 2022இல் அறிவிக்கப்பட்ட கடவூர்த் தேவாங்கு சரணாலயத்துக்குப் புலி வரப்போவதில்லை. சுற்றுலாக் கூட்டமும் வராது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகத்துக்கு நுழைவாயிலே கிடையாது. இப்படிப்பட்ட இடங்களுக்கு முதல் தொகையை மாநிலம்தான் போட வேண்டும். வட்டி மட்டும் செலவாக வேண்டும். ஆண்டுக் கணக்கு சட்டமன்றத்தின் முன் வர வேண்டும், கணக்குத் தணிக்கைத் தலைவரின் தணிக்கைக்கு உட்பட வேண்டும். பொதுக் கணக்கில் போட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நிலைக்கு அது இடம் தரக் கூடாது.

இதற்குப் பெரும் தொகை எங்கே என்று நிதித்துறை நண்பர்கள் கேட்பார்கள். தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் கேட்கவில்லை. முதல் ஆண்டில் ஒரே ஒரு செலவுக்கு மட்டும் அந்த நிதியைப் பயன்படுத்துங்கள்: ஏப்ரல், மே மாதங்களின் தீக்காவல் கூலி. கணக்கு கடினமானதன்று. சரகத்தில் காவலர் எத்தனை பேர், எத்தனை நாள், மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலி எவ்வளவு. மூன்றையும் பெருக்கினால் தொகை கிடைத்துவிடும். தீத்தடுப்புக் கோடு வெட்டும் டிசம்பரிலேயே அதைச் சரக அலுவலகத்தின் வங்கிக் கணக்கில் போட்டுவைத்தால், மே மாதக் கடைசியில் காவலரின் நோட்டில் வலப்பக்கக் கோட்டுக்கு அப்பால் தொகையை எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட முடியும்.